தராசு சொல்லாத கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடல்நலத்தைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கூடலூர்க்காரனான ஒரு பொறியாளனை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். நான் மருந்து சொல்ல வரவில்லை. அது டாக்டர்கள் வேலை. அளவெடுப்பது எங்கள் வேலை. எதை அளக்கிறோம், எதைக் கொண்டு அளக்கிறோம், அந்தக் கருவி எவ்வளவு பிழை சொல்லும், அளந்த பிறகு என்ன செய்யப் போகிறோம் என்ற நான்கு கேள்விகளை மட்டும் நம் உடம்பின் மீது வைத்துப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

காலையிலிருந்து கவனித்துக்கொண்டு வருகிறேன். பல வருடம் கழித்துப் பார்க்கிற நண்பனிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி, "என்னப்பா, நல்லா எடை போட்டுட்டியே?" என்பதுதான். இல்லாவிட்டால், "என்ன இப்படி இளைச்சுட்டே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" இரண்டுமே தராசை வைத்துக் கேட்கிற கேள்விகள். ஆனால் எங்கள் செட்டில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களை எண்ணிப் பார்த்தால், அதில் குண்டானவர்களும் இருக்கிறார்கள், ஒல்லியானவர்களும் இருக்கிறார்கள். யாருக்கும் இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அப்படியானால் தராசு நமக்கு எதையோ சொல்லாமல் விடுகிறது என்றுதானே அர்த்தம்?

நம் பள்ளத்தாக்கில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பெரியாறு அணை எத்தனை அடி, வைகை அணை எத்தனை அடி என்று பார்க்காதவர்கள் குறைவு. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. அன்றும் 71 அடிதான், இன்றும் 71 அடிதான். ஆனால் அன்றைக்கு 71 அடியில் நின்ற தண்ணீரும் இன்றைக்கு 71 அடியில் நிற்கிற தண்ணீரும் ஒரே அளவா? இல்லை. இத்தனை ஆண்டுகளில் அடியில் வண்டல் சேர்ந்துவிட்டது. அளவுகோலில் எண் மாறவில்லை; உள்ளே இருக்கிற சரக்கு மாறிவிட்டது.

"காலேஜை விட்டுப் போகும்போது 62 கிலோ, இன்றைக்கும் அதே 62 கிலோ" என்று பெருமையாகச் சொல்கிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். எண் சரிதான். ஆனால் முப்பது வயதுக்கு மேல், உடம்புக்கு வேலை கொடுக்காதவர்களுக்குத் தசை பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்கிறார்கள். எடை மாறாமல் தசை மட்டும் குறைந்திருந்தால், அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது? கொழுப்புதான். நான் சொல்ல வந்த விஷயத்தின் அடிப்படை இதுவே: உடம்பு மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட, அந்தக் கிலோ எதனால் ஆனது, கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதைப் பளிச்சென்று காட்டிய ஒரு பழைய சோதனை உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பென்கே என்பவரும் அவருடைய சக டாக்டர் வெல்ஹாமும் 25 தொழில்முறைக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்குள் வைத்து எடை பார்த்தார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய மற்ற பகுதி சுமார் 1.1 கிராம். ஆகவே தண்ணீருக்குள் எடை பார்த்தால் ஒருவர் உடம்பில் கொழுப்பு அதிகமா தசை அதிகமா என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த 25 பேரில் 17 பேர், அன்றைய உயரம் எடை அட்டவணைப்படி 'அதிக எடை' என்று ராணுவத்தில் தள்ளுபடி ஆக வேண்டியவர்கள். தண்ணீரில் பார்த்தபோதோ அவர்களில் பெரும்பாலோர் உடம்பில் இருந்தது தசை! தராசு பயில்வானையும் தொப்பைக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது.

இப்போது டாக்டர்கள் பயன்படுத்துகிற பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீட்டெண்ணுக்கு வருவோம். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தை 1832-இல் சொன்னவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர். அவர் மருத்துவர் அல்ல. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கூட்டத்தைப் பார்த்துக் கணக்கிட்டார். 'பி.எம்.ஐ.' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ஏன்சல் கீஸ், 1972-இல். ஒரு மாவட்டத்தையோ மாநிலத்தையோ எடைபோட அது நல்ல கருவி. தனி ஒரு ஆளுக்கு அது முதல் தகவல் அறிக்கை மாதிரி, தீர்ப்பு அல்ல.

அதிலும் நம்ம ஆட்கள் விஷயத்தில் அது இன்னும் கூடுதலாக ஏமாற்றும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இரண்டு பேர் படத்தையும் போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! பார்க்க இருவரும் ஒல்லிதான். புனேயில் பிறக்கிற குழந்தைகளையும் யாஜ்னிக் குழுவினர் அளந்தார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகவும் குறைவு. ஆனால் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உறுப்புகளும். தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் பானை என்கிற நம் ஊர் உடல்வாகுக்கு அஸ்திவாரம் கருவிலேயே போடப்படுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆகவேதான் உலக அளவில் பி.எம்.ஐ. 25-க்கு மேல் அதிக எடை என்றால், இந்தியர்களுக்கு 23-இலேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று நம் நாட்டு நிபுணர்கள் 2009-இல் கூடி முடிவு செய்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் நமக்குத் தனி வரம்பு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேருகிற கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது எவ்வளவு என்பதைத் தராசைவிட ஒரு தையல்காரர் டேப் நன்றாகச் சொல்லிவிடும். சென்னை டாக்டர் மோகனின் ஆய்வு நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம்தான். இடையில் இருக்கிற வித்தியாசத்தைப் பாருங்கள். தராசில் தப்பித்து டேப்பில் மாட்டுகிறவர்கள் எத்தனை கோடிப் பேர்!

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொறியாளன் மேடை ஏறினால் கணக்கு இல்லாமல் இறங்க மாட்டான். ஒரு நண்பர் என்று வைத்துக்கொள்வோம். வயது 37. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 72 கிலோ, கொழுப்பு 28 சதவீதம். அதாவது சுமார் 20 கிலோ கொழுப்பு, மீதி 52 கிலோ தசை, எலும்பு, தண்ணீர் எல்லாம். இவர் 6 கிலோ குறைக்க முடிவு செய்கிறார். பட்டினி கிடந்து, கஞ்சியைக் குடித்து, ஒரே மாதத்தில் 66-க்கு வந்துவிட்டார். குறைந்த 6 கிலோவில் பாதி தசை என்றால், இப்போது அவர் கொழுப்பு 26 சதவீதம். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அதே 6 கிலோவை, உடற்பயிற்சி செய்து தசையைக் காப்பாற்றிக்கொண்டு, நாலைந்து மாதத்தில் கொழுப்பாக மட்டும் குறைத்திருந்தால் 21.5 சதவீதம். தராசில் இரண்டு பேரும் 66 கிலோதான். ஆனால் ஒருவர் வண்டலைத் தூர்வாரியவர். இன்னொருவர் தண்ணீரைத் திறந்துவிட்டவர்.

அப்படியானால் கொழுப்புச் சதவீதத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இடுக்கி மாதிரி ஒரு கருவியால் தோலையும் அதனடியில் உள்ள கொழுப்பையும் பிடித்து அளப்பது ஒரு முறை. பழகின கை வேண்டும். இரண்டு வகை எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, தசை மூன்றையும் பிரித்துச் சொல்கிற டெக்ஸா ஸ்கேன் இன்னொரு முறை. நம்பகமானது, பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். மூன்றாவது, இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்ட, ஏறி நின்றால் எல்லாம் சொல்கிற எலெக்ட்ரானிக் தராசு. அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதத்தின் வழியாக ஒரு சின்ன மின்சாரத்தை அனுப்பித் தடையைப் பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதில் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, எளிதில் போகாது. தடையை வைத்துத் தண்ணீர், தண்ணீரை வைத்துத் தசை, தசையைக் கழித்துக் கொழுப்பு என்று மூன்று படி தாண்டி ஊகிக்கிறது. நீங்கள் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாலும், வேர்த்துவிட்டு வந்தாலும், கல்யாண விருந்து சாப்பிட்டு வந்தாலும் எண் மாறும். ஆகவே அது சொல்கிற எண்ணை நம்ப வேண்டாம். அது போகிற திசையை மட்டும் பாருங்கள். ஒரே கருவி, ஒரே நேரம், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில், மாதம் ஒருமுறை போதும்.

எடையும் அப்படித்தான். ஒரே நாளில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது தண்ணீர், உப்பு, சாப்பாட்டால்தான். அதைப் பார்த்துச் சந்தோஷமும் வேண்டாம், துக்கமும் வேண்டாம்.

எல்லோருக்கும் கைக்கெட்டியது இன்ச் டேப்தான். அளக்கிற இடம் முக்கியம். நாம் வேட்டி கட்டுகிற இடமும் பேண்ட் போடுகிற இடமும் அல்ல. தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக்கொண்டு "என் இடுப்பு இன்னும் 34 தான்" என்று சொல்வது செல்லாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல், டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். வரும் அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. நான் சொன்ன நண்பருக்கு 84-க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 94 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல் ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தார்கள். சர்க்கரை வரும் ஆபத்து ஒருவருக்கு எவ்வளவு என்று ரத்தம் எடுக்காமலேயே சொல்ல நான்கே கேள்விகள். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. இடுப்பு, ஆணுக்கு 90-க்குள் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, 100-உம் அதற்கு மேலும் 20. பெண்ணுக்கு இதே கணக்கு 80, 90 என்ற வரம்பில். உடலுழைப்பும் முறையான உடற்பயிற்சியும் இரண்டும் உண்டு என்றால் 0, ஏதாவது ஒன்று என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம் நண்பருக்குப் போடுங்கள். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலை, பயிற்சி இல்லை, அதற்கு 30. அம்மாவுக்குச் சர்க்கரை, அதற்கு 10. மொத்தம் 70. இப்போது அவர் முறையாக உடற்பயிற்சியைத் தொடங்கி, இடுப்பை 90-க்குள் கொண்டுவந்துவிட்டால்? 50. அபாயக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார். வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில். இன்னொன்றையும் கவனித்தீர்களா? இந்த நான்கு கேள்விகளில் 'உங்கள் எடை என்ன?' என்ற கேள்வியே இல்லை.

இலக்கு வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு சென்னை ஆய்வைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிற 531 பேரை எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மாத்திரை இல்லை. உணவில் கட்டுப்பாடு, தினமும் அரை மணி நேரமாவது வேகநடை, அவ்வளவுதான். வெறுமனே விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, இவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஆச்சரியம் என்ன தெரியுமா? இந்தப் பிரிவினருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை! தராசை மட்டும் பார்த்தவர் "மூணு வருஷம் நடந்தும் ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று நடையை நிறுத்தியிருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன், 'பொங்கலுக்குள் பத்துக் கிலோ குறைப்பேன்' என்பது நல்ல இலக்கு அல்ல. அது விளைவு, நம் கட்டுப்பாட்டில் முழுவதும் இல்லாதது. இலக்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, செயல். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. கூடலூர்க்காரர்களுக்கு லோயர் கேம்ப் சாலை இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுதல், தண்டால், சுமை தூக்கல். செய்தோமா இல்லையா என்று காலண்டரில் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது.

இரண்டு, திறன். இன்று எட்டுத் தண்டால் என்றால் மூன்று மாதத்தில் பதினைந்து. இன்று இரண்டாவது மாடிக்கு ஏறினால் இளைக்கிறதா? மூன்று மாதத்தில் இளைக்கக்கூடாது. பிடி வலிமை ஐந்து கிலோ குறைந்தால் மரண ஆபத்து 16 சதவீதம் கூடுகிறது என்று, இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் சொன்னது. வலிமை என்பது பயில்வான்களின் சமாச்சாரம் மட்டும் அல்ல.

மூன்று, அளவு. மூன்று மாதத்தில் இடுப்பில் மூன்று, நான்கு சென்டிமீட்டர். எடை குறைய வேண்டியவர்களுக்கு வாரம் அரைக் கிலோ தாராளம். அதற்கு மேல் அவசரப்பட்டால் தசையும் சேர்ந்து போகும்.

இலக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. விடியற்காலையில் ஜீப்பில் குமுளி மலையேறி, ஏலத்தோட்டத்தில் நாள் முழுவதும் ஏறி இறங்கிவிட்டு வருகிற அக்காவிடம் போய் "வாக்கிங் போங்க" என்று சொன்னால் சிரிப்பார். திராட்சைப் பந்தலுக்கடியில் கையைத் தூக்கியபடியே கவாத்துச் செய்கிறவருக்கும் அப்படித்தான். அவர்களுக்குத் தேவை நல்ல சாப்பாடும் ஓய்வும். அந்தத் தோட்டத்து அக்காவின் மகளும் மகனும் படித்து, நம்மைப் போல நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டை மட்டும் அம்மா சாப்பிட்ட அளவிலேயே வைத்துக்கொண்டார்களே, ஆபத்து அவர்களுக்குத்தான். நமக்குத்தான்.

சாப்பாடு பற்றி ஒரே வார்த்தை. இந்தியர்கள் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே தேசிய ஆய்வு 2025-இல் கணக்குச் சொன்னது. நெல் விளைகிற பூமியில் பிறந்துவிட்டுச் சோற்றை விடு என்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, சுண்டல், முட்டை, மீன், காய் வையுங்கள். ஓர் ஆளுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். இது டப்பாவில்தான் கிடைக்கும் என்றில்லை.

மாணவத் தம்பிகளே, இதை உங்களுக்காகச் சொல்கிறேன். ஜிம்முக்குப் போவது நல்ல பழக்கம். ஆனால் மூன்று மாதத்தில் 'சிக்ஸ் பேக்' என்று சொல்லி யாராவது ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு தசையைக் கொடுத்துவிட்டு இருதயத்தையும் ஈரலையும் ஆண்மையையும் பதம் பார்க்கும். தங்கைகளே, ஒல்லி என்பதும் ஆரோக்கியம் என்பதும் ஒன்றல்ல. காலைச் சாப்பாட்டை விட்டு 45 கிலோவில் நிற்பது சாதனை இல்லை. இருபது வயதில் சேர்த்து வைக்கிற தசையும் எலும்பும்தான் ஐம்பது, அறுபதில் எடுத்துச் செலவு செய்கிற சேமிப்பு.

ஏற்கெனவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மற்றவர்கள் நாளைக் காலையே தொடங்கலாம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சந்திப்பில் வரவேற்பு மேஜையில் சந்தனம், கல்கண்டோடு ஒரு இன்ச் டேப்பும், அந்த நான்கு கேள்வி அச்சடித்த தாளும் வையுங்கள். 60-க்கு மேல் வருகிற நண்பரை அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள். பத்துப் பேருக்கு அப்படி முன்கூட்டியே தெரிந்தால், அந்தப் பத்துக் குடும்பத்துக்கு இந்தச் சங்கம் செய்த பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும். "எடை போட்டுட்டியே" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை மார்க் வந்துச்சு, எவ்வளவு தூரம் நடக்கறே?" என்று ஒருவரை ஒருவர் விசாரிப்போம். மார்க் குறைவாக எடுத்தால் பாராட்டுகிற பரீட்சை நம் காலேஜில் இது ஒன்றுதான்.